மகளோடு வரும் அப்பாவுக்கும் ஒரு கதவு வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

நான் சேலத்தில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். என் மனைவி நூற்பாலைக்குப் போகிறாள். விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் மில் வேன் வந்துவிடும். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகளை எழுப்பிக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளியில் விடுவது என் பொறுப்பு.

நெல்மணி அளவுச் சலங்கைகளைக் கோக்கும் கைக்கு இரட்டைச் சடை எம்மாத்திரம் என்றுதான் தொடங்கினேன். ஒரு மாதம் வகிடு கோணிக்கொண்டே போனது. வால்சீப்பின் நுனியை நெற்றியிலிருந்து பிடரிவரை ஒரே இழுப்பில் கொண்டுபோக வேண்டும், நடுவில் நிறுத்தினால் கோணிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்தார். இப்போது ரிப்பன் மடித்துக் கட்டி முடிக்க எனக்குப் பத்து நிமிடம் போதும். சில நாள் பள்ளியில் காலை உணவு வெண்பொங்கல். அன்றைக்கு மட்டும் அவளே சீப்பை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

போன வைகாசியில் தருமபுரிப் பக்கம் ஒரு கல்யாணம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகளும் மட்டும் போனோம். வழியில் பஸ் மாற இறங்கிய இடத்தில், "அப்பா, அவசரம்" என்றாள். கட்டணக் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சுவரில் எழுதியிருந்ததை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்து, "பெண்கள். இது எனக்கு. அது உனக்கு" என்றாள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. வேறு நேரமாக இருந்தால் அங்கேயே தூக்கிக் கொஞ்சியிருப்பேன்.

பெண்கள் பக்கம் நான் போக முடியாது, அது சரிதான். ஆண்கள் பக்கம் அவளை அழைத்துப்போக எனக்கு மனம் வரவில்லை. ஆறு வயதுக் குழந்தையைத் தனியாக உள்ளே அனுப்பவும் பயம். திகைத்து நின்றபோது, வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா கூடையை என் காலடியில் நகர்த்தி வைத்துவிட்டு, "நான் கூட்டிப்போகிறேன் தம்பி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து "அப்பா, இருக்கிறாயா?" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. "இருக்கிறேன் கண்ணு" என்று நானும் சொல்லிக்கொண்டே நின்றேன். அவள் காலில் கிடந்தது நான் சலங்கை கோத்த கொலுசு. அந்தச் சத்தம் வாசலை நோக்கித் திரும்பி வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த அம்மா அன்று அங்கே இருந்தார். எல்லா நாளும் இருப்பாரா?

வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்லச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் அரசு முதன்முதலில் தொடங்கியது எங்கள் சேலத்தில்தான். அது ஏன் இங்கே தேவைப்பட்டது என்பதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள். அதே ஊரில் எனக்குப் பெண் பிறந்த அன்று பட்டறை முழுவதற்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். இன்று ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் மகளைத் தோளில் தூக்கிவரும் அப்பாக்களை எந்த பஸ் நிலையத்திலும் பார்க்கலாம். எங்களைப் போன்றவர்கள் வருவோம் என்று நினைத்துக் கட்டிய கழிப்பறையை என் பயணங்களில் நான் இதுவரை பார்த்ததில்லை.

2015இல் தமிழக பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டுவதற்கென்று அறைகள் திறந்தார்கள். கைக்குழந்தையோடு பயணம் போகும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை என் மனைவி மூலம் அறிந்தவன் நான். அதேபோல ஆண், பெண் இரு பக்கத்தையும் சேராமல், வெளியிலிருந்தே நுழையும்படி ஒரே ஓர் அறை கட்டினால் போதும். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் குழாய், நல்ல தாழ்ப்பாள், இரவிலும் எரியும் விளக்கு, இவ்வளவுதான் கேட்கிறேன். நடக்க முடியாத தாயைக் கைத்தாங்கலாக அழைத்துவரும் மகனுக்கும் அது உதவும். நகராட்சி, மாநகராட்சி அதிகாரிகள் புதிய பஸ் நிலையங்களுக்கு வரைபடம் போடும்போதே இதையும் சேர்க்க வேண்டுகிறேன்.

ஐப்பசியில் சீமந்தத்துக்காக மறுபடியும் அதே வழியில் போக வேண்டியிருக்கிறது. வழியில் தண்ணீர் குடிக்காதே என்று குழந்தையிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு கொலுசுத் தொழிலாளி,
சேலம்.