பச்சைக் குறி விழுந்தது, பக்கங்கள் போய்ச் சேரவில்லை

அனுப்புநர்:
உரிமையாளர், முந்திரி மொத்த வணிகம்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
இணையவழி ஃபேக்ஸ் சேவைப் பிரிவு, சென்னை.

பொருள்: பதினோரு பக்கங்களில் நான்கு மட்டும் போய்ச் சேர்ந்ததும், அதனால் நேர்ந்த நட்டமும்.

ஐயா,

கடந்த மாதம் 14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை 5.40க்கு, உங்கள் சேவை வழியாகத் தூத்துக்குடியில் எங்களுக்காகச் சுங்க வேலைகளைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட்டுக்குப் பதினோரு பக்கங்கள் அனுப்பினோம். கானாவிலிருந்து வந்துகொண்டிருந்த முந்திரிக் கொட்டைக்கான இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கின் நகல் முதலானவை. திரையில் பச்சைக் குறி விழுந்தது. ‘வெற்றிகரமாக அனுப்பப்பட்டது’ என்று எழுத்தும் வந்தது. கணக்கர் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

தூத்துக்குடியில் வெளிவந்தவை நான்கு பக்கங்கள். நான்காவதில் பாதிக்குக் கீழே வெறும் வெள்ளை. வந்த பேக்கிங் லிஸ்ட்டிலும் எடைக் கட்டத்தில் எது 8, எது 3 என்று பிரிக்க முடியவில்லை. மீதி வரும் என்று ஏஜென்ட் காத்திருந்தார். வேலை முடிந்தது என்று நாங்கள் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை கப்பல் வந்துவிட்டது.

கப்பல் வருவதற்கு முந்தைய நாள் முடிவதற்குள், விடுமுறை நாளானாலும், சுங்கத்துறைக்குத் தரும் இறக்குமதி அறிக்கையான பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாகியிருக்க வேண்டும் என்பது 2021 முதல் உள்ள விதி. எங்களுடையது திங்கட்கிழமைதான் தாக்கலானது. இரண்டு நாள் தாமதம். நாளுக்கு 5,000 வீதம் 10,000 ரூபாய் கட்டினோம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்ததிலிருந்து இறக்குமதிக் கொட்டையை நம்பித் தொழில் செய்கிறவன் நான். புயலுக்குக் கொடுத்தது போதாதென்று பச்சைக் குறிக்கும் கொடுக்க வேண்டுமா?

உங்கள் உதவி எண்ணில் முதல் இருவர், ‘எங்கள் பக்கம் அனுப்பியாகிவிட்டது சார்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாவதாகப் பேசிய பெண்தான் உண்மையைச் சொன்னார். எங்கள் கோப்பு உங்கள் சர்வருக்கு வந்ததும் பச்சைக் குறி விழுந்துவிடுமாம். அங்கிருந்து ஃபேக்ஸ் ஒலியாக மாறி எதிர்முனைக்குப் போவதெல்லாம் அதற்குப் பிறகுதானாம். அதாவது, கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டதற்கே ‘பட்டுவாடா ஆயிற்று’ என்கிறீர்கள்.

இணையத் தொலைபேசி இணைப்பில் ஃபேக்ஸ் ஒலியைப் பேச்சுக் குரலைப் போலச் சுருக்கினால் நடுவில் அறுந்துபோகும் என்பதும், அதற்காகவே டி.38 என்ற முறை இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. அதைப் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டு எழுதிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் பதில் இல்லை. அங்குலத்துக்குச் சுமார் 98 கோடுகள் என்பது ஃபேக்ஸின் சாதாரணத் தெளிவு. எங்கள் பழைய ஃபேக்ஸ் இயந்திரத்தில் ‘ஃபைன்’ பொத்தானை அழுத்தினால் 196 ஆகும். சிறிய எண்கள் உள்ள தாளுக்கு எங்கள் கணக்கர் அதை அழுத்தாமல் விட்டதில்லை. உங்கள் திரையில் அப்படியொரு பொத்தானைத் தேடிப் பார்த்துவிட்டோம், இல்லை.

அந்த இயந்திரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தாள் சிக்கும், வெயில் பட்ட தாள் கருக்கும், பீரோவில் வைத்தது வெளிறும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டுச் சீட்டைத் துப்பும்: தேதி, நேரம், எதிர்முனை எண், போன பக்கங்கள், கடைசியில் ‘ஓகே’. நான்கோடு நின்றால் நான்கு என்றே சொல்லும். அந்தச் சீட்டைக் கோப்பில் பின் செய்த பிறகுதான் எங்கள் கணக்கர் தேநீருக்கே எழுந்திருப்பார்.

டிஜிட்டலில் இது முடியாத காரியமல்ல. சுங்கத்துறையின் இ-சஞ்சித் தளத்தில் ஏஜென்ட் ஏற்றும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனி எண் கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம்கூட 13ஆம் பிரிவில் அனுப்பிய நேரத்தையும் பெற்ற நேரத்தையும் தனித்தனியாகத்தான் வரையறுக்கிறது. உங்கள் திரையில் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

14ஆம் தேதி அனுப்பியதற்கான முழுப் பதிவையும் எனக்குத் தர வேண்டும். தாமதக் கட்டணம் 10,000 ரூபாயையும், அந்த மாதச் சந்தாவையும் திருப்பித் தர வேண்டும். எதிர்முனை எத்தனை பக்கங்களைப் பெற்றது என்று தெரியும்வரை பச்சைக் குறி காட்டக் கூடாது. பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், தொலைபேசியில் வேண்டாம்.

விட்டுப்போன பக்கங்கள் எப்படிப் போயின என்று நீங்கள் கேட்கலாம். திங்கட்கிழமை காலை எங்கள் கடைப் பையன் கைபேசியில் படமெடுத்து, செலவில்லாத மின்னஞ்சலில் அனுப்பினான். நான்கு நிமிடத்தில் ‘பதினொன்றும் வந்தது, படிக்க முடிகிறது’ என்று ஏஜென்ட் பதில் எழுதினார்.

இந்தக் கடிதத்தை ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்

இணைப்பு: தூத்துக்குடியில் கிடைத்த நான்கு பக்கங்களின் நகல், தாமதக் கட்டண ரசீது, பச்சைக் குறியின் படம்.