பெயரை மாற்றிப் படித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கத்தோலிக்கப் பொதுநிலையினர், அதாவது குருக்களோ துறவியரோ அல்லாத சாதாரண இறைமக்கள், நடத்தும் குழுக்கள் தங்களுக்கென்று ஒரு பொது ஆன்மிகத்தை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. எப்படி என்ற இடத்தில்தான் கட்டுரையாளர் அவசரப்பட்டுவிட்டார். புனிதர்கள் விட்டுச்சென்ற செல்வம் கொட்டிக் கிடக்கிறது, வேண்டியதை எடுத்துத் தொகுத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் ஒரே வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். நாங்கள் அதைத்தான் இரண்டு வருடம் செய்தோம். செய்து கெட்டோம். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வுபெற்ற செவிலியர். 34 வருடப் பணியில் பாதிக்கு மேல் இரவுப் பணி. இப்போது 22 பேர் கொண்ட ஒரு சிறு குழுவின் செயலர். செயலர் என்றால் கூட்டப் பதிவேடு எழுதுகிறவள், நாற்காலி அடுக்குகிறவள், வராதவர்களுக்குப் போன் செய்கிறவள். எங்களில் ஒரு பேருந்து ஓட்டுநர், மூன்று ஆசிரியர்கள், ஒரு தையல்காரர் அக்கா, ஒரு கணக்கர், கணவரை இழந்த பெண்கள் நால்வர், கைக்குழந்தையோடு வரும் ஓர் இளம் தம்பதி எல்லாரும் உண்டு. மாதம் இருமுறை கூடுவோம். எந்தத் துறவற சபையோடும் எங்களுக்கு இணைப்பில்லை.

அமைப்பு விதிகளை எழுதி ஆயரிடம் கொடுக்க வேண்டிய கட்டம் வந்தது. திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 304-ஆம் எண் கேட்பதெல்லாம் நோக்கம், தலைமையிடம், நிர்வாகம், உறுப்பினராவதற்கான தகுதி, செயல்படும் முறை இவைதான். 'எங்கள் ஆன்மிகம்' என்று ஒரு பத்தியை யாரும் கேட்கவில்லை. நாங்களே ஆசைப்பட்டு முதல் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கினோம். மற்ற பக்கங்கள் மூன்றே கூட்டங்களில் முடிந்தன. முதல் பக்கம் இரண்டு வருடம் இழுத்தது.

ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த புனிதரைக் கொண்டுவந்தார்கள். யார் மனதையும் நோகடிக்க வேண்டாம் என்று நானும் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கிறிஸ்துவை மையமாகக் கொண்டு, நற்கருணையால் ஊட்டம் பெற்று, அன்னை மரியாவின் பணிவோடும், அசிசியாரின் எளிமையோடும், இஞ்ஞாசியாரின் தேர்ந்து தெளிதலோடும், குழந்தை தெரேசாவின் சிறு வழியோடும், வின்சென்ட் தே பவுலின் இரக்கத்தோடும் என்று ஒன்றரைப் பக்கம். கடைசியில் வினைச்சொல் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. அதைக் கூட்டத்தில் வாசித்தேன். கைதட்டினார்கள். பேருந்து ஓட்டுநர் மட்டும் கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "எல்லாப் புனிதரும் வந்துட்டாங்க அக்கா. இதுல நாம எங்க இருக்கோம்?"

தையல்காரர் அக்கா ஒரு வழி சொன்னார். "நம்ம குழு பேரை எடுத்துட்டு வேற குழு பேரைப் போட்டு வாசிங்க. சரியா இருந்தா அது நம்ம துணி இல்ல." கணக்கர் அப்படியே வாசித்தார். வேறு மூன்று குழுக்களின் பெயரைப் போட்டும் வாசித்தார். எங்கும் உறுத்தவில்லை. அளவெடுக்காமல் தைத்த சட்டை எல்லாருக்கும் பொருந்தியது.

எழுதியிருந்ததில் பொய் எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். திருத்தூதர் கற்பித்தது, நட்புறவு, அப்பம் பிட்குதல், இறைவேண்டல் என்று திருத்தூதர் பணிகள் 2:42 சொல்லும் நான்கும் திருமுழுக்கு பெற்ற எல்லாருக்கும் உரியவை. ஆனால் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டவருக்குப் பூமியின் மேல் இருக்கிறது என்று பதில் சொல்லலாமா?

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரவுப் பணி எனக்கு விட்டுச்சென்ற பழக்கம் அது. பழைய பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டேன். 11 வருடம், ஐந்து நோட்டுகள், எல்லாம் என் கையெழுத்து. நான்கு இரவுகள் படித்தேன். தேடியது ஒன்றுதான்: யாரும் சொல்லாமலே நாங்கள் திரும்பத் திரும்பச் செய்தது எது?

இரண்டாம் நோட்டில் அது கிடைத்தது. "ஃபாதர் வரவில்லை. நற்செய்தி வாசித்தோம். அமைதி. பிறகு ஒவ்வொருவராகப் பேசினோம். யாரும் அறிவுரை சொல்லவில்லை." அவ்வளவுதான் எழுதியிருந்தேன். அன்று மறையுரை சொல்ல ஆள் இல்லாததால் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்பதே உண்மை. ஆனால் அடுத்த கூட்டத்துக்கு ஃபாதர் வந்திருந்தும் அதையே செய்திருக்கிறோம். அதற்கடுத்ததிலும். அவரும் ஓர் ஓரமாக உட்கார்ந்து தம் வாரத்தைச் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஓட்டுநர் தம் கடைசி நடையைப் பற்றிப் பேசினார். ஒரு பெரியவர் தினமும் ஏறுவார், கடைசி நிறுத்தம் வரை வருவார், அதே வண்டியில் திரும்புவார். மனைவி இறந்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லையாம். அன்று கடைசி நிறுத்தத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு அவர் பக்கத்து இருக்கையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் பேசவில்லை என்றார். நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தையல்காரர் அக்கா, "நேத்து ஒரு பாட்டி ரவிக்கை அளவு குடுக்க வந்தாங்க. பேசிக்கிட்டே இருந்தாங்கன்னு விரட்டி அனுப்பிட்டேன்" என்று மட்டும் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைய நற்செய்தியைப் பற்றி அதற்கு மேல் விளக்கம் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

நோட்டுகளின் கடைசிப் பக்கங்களில் இன்னொன்று இருந்தது. எங்களில் யாராவது மருத்துவமனையில் படுத்தால் யார் எப்போது பக்கத்தில் இருப்பது என்ற பட்டியல். 6 முதல் 2, 2 முதல் 10, 10 முதல் 6. ஐந்து நோட்டிலும் அதே நேரக் கணக்கு. பணிநேர முறையை என்னை அறியாமலே குழுவுக்குள் கொண்டுவந்திருக்கிறேன்! உலகெங்கும் உள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றி வெளியிட்ட ஆணையின் 4-ஆம் எண், பொதுநிலையினரின் ஆன்மிகம் அவரவர் மணவாழ்வு, குடும்பம், தனிவாழ்வு, கைம்மை, நோய், தொழில் ஆகியவற்றிலிருந்து தன் தனித்தன்மையைப் பெற வேண்டும் என்கிறது. அதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அந்தப் பட்டியலைப் பார்த்த இரவில்தான் புரிந்தது.

இதையே எங்கள் ஆன்மிகமாக எழுதலாம் என்றபோது எங்கள் வழிகாட்டி அருள்பணியாளர் ஒரு கேள்வி கேட்டார், நல்ல கேள்வி. "இது கூட்டம் நடத்துற முறைதானே, ஆன்மிகம்னு எப்படிச் சொல்றீங்க?" உடனே பதில் வரவில்லை. இரண்டு கூட்டம் கழித்துத்தான் வந்தது. அடுத்தவருடைய வாரத்துக்குள் தூய ஆவியார் எனக்கு முன்பே போய்விட்டார் என்று நம்புகிறவர்தான் அறிவுரையை அடக்கிக்கொள்வார். அந்த நம்பிக்கை இல்லாதவருக்கு இது வெறும் கூட்ட ஒழுங்கு. அதே சங்கத்திலிருந்து 1964-இல் வந்த திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு, உலகியல் தன்மையே பொதுநிலையினருக்கு உரிய தனித்தன்மை என்று 31-ஆம் எண்ணில் சொல்கிறது. பேருந்தும் தையல் எந்திரமும் செபக்கூடத்துக்கு வெளியே கழற்றி வைக்க வேண்டிய செருப்பு இல்லை என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். ஃபாதர் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்.

இதைச் சொன்னவுடன் சண்டை வந்தது. செபமாலை எங்கே என்று பெரியவர் ஒருவர் கோபித்தார். புகழ்ச்சி வழிபாடு எங்கே என்று இளம் தம்பதி கேட்டார்கள். பக்தி முயற்சியும் ஆன்மிகமும் ஒன்றல்ல என்பதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பல குழுக்கள் உடைகின்றன என்பது என் கணிப்பு. திருச்சபையின் போதனைக்கு இசைந்த தம் ஆன்மிக வழியைப் பின்பற்ற ஒவ்வொரு நம்பிக்கையாளருக்கும் உரிமை உண்டென்று சட்டத்தொகுப்பின் 214-ஆம் எண் சொல்கிறது. பெரியவர் தம் செபமாலையைச் சொல்லட்டும், அவர்கள் கைதட்டிப் பாடட்டும். பொதுவில் வைப்பது எல்லாரும் சேர்ந்து சுமக்கக்கூடியதாக இருக்க வேண்டும். காலைப் புகழ் என்ற திருச்சபையின் காலை மன்றாட்டை எல்லாரும் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று முதல் வரைவில் எழுதியிருந்தோம். அந்த நேரத்தில் ஓட்டுநர் கை ஸ்டியரிங்கில் இருக்கும், குழந்தையின் தாய் தூங்கியே இருக்கமாட்டார். கைவினைஞர் ஒருவர் துறவியைப்போல நாள் முழுவதும் கோவிலிலேயே இருந்தால் அது நகைப்புக்கு இடமாகாதா என்று 1609-இலேயே ஆயரான புனித பிரான்சிஸ் சலேசியார் கேட்டுவிட்டார். நாமோ இன்னும் துறவியின் நாளைக் குறுக்கிச் சின்னதாக்கிப் பொதுநிலையினருக்கு மாட்டிவிடப் பார்க்கிறோம்.

குழந்தை தெரேசாவின் பெற்றோரான லூயி, செலி மார்ட்டின் தம்பதியை நினைத்துக்கொள்கிறேன். இருவரும் இளமையில் துறவறம் கேட்டுப் போய் ஏற்கப்படாதவர்கள். லூயி கடிகாரம் செய்தார், அவர் மனைவி செலி பின்னல் சரிகை வேலை நடத்தினார். 2015 அக்டோபர் 18 அன்று இருவரும் ஒன்றாகப் புனிதர்களாக உயர்த்தப்பட்டார்கள். மறுக்கப்பட்ட மடத்தின் நிழலாக அவர்கள் தங்கள் வீட்டை நடத்தியிருந்தால் அதைத் தாங்கியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

ஒரு துறவற சபையின் வழியில் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. போவதானால் முழுதாகப் போக வேண்டும். பொதுநிலையினர் பிரான்சிஸ்கன் சபைக்கு 1978-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒப்புதல் தந்த ஒழுங்கு இருக்கிறது. பயிற்சிக்காலம் இருக்கிறது, வாக்குறுதி இருக்கிறது. நற்செய்தியிலிருந்து வாழ்வுக்கும், வாழ்வில் இருந்து நற்செய்திக்கும் என்று அவர்கள் சொல்வது அந்தப் பயிற்சியில் ஊறிய பிறகுதான் பொருள்படும். அதில் ஒரு சொல்லை மட்டும் கிள்ளி எடுத்து நம் தாளில் தூவுவது அவர்களுக்கும் மரியாதை அல்ல.

சங்கடமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் இருந்த வேறொரு குழுவில் தலைவரின் சுபாவம்தான் ஆன்மிகமாக இருந்தது. அவர் உரக்கச் செபிப்பார், நாங்களும் உரக்கச் செபித்தோம். அவருக்குப் பிடிக்காத புனிதரை நாங்கள் மறந்தே போனோம். அவர் விலகியதும் ஆறே மாதத்தில் குழு கலைந்தது. சர்வதேசப் பொதுநிலையினர் இயக்கங்களின் மைய நிர்வாகத்தில் ஒரு பதவிக்காலம் ஐந்து ஆண்டு, தொடர்ந்தாற்போல் பத்து ஆண்டுக்கு மேல் கூடாது என்று 2021 ஜூனில் வத்திக்கான் ஆணை பிறப்பித்தபோது பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு அந்த ஆணை பொருந்தாது. இருந்தாலும் எங்கள் விதிகளில் அதையே எழுதிக்கொண்டோம். செயலருக்கும் சேர்த்துத்தான். அடுத்த வருடம் நோட்டை வேறொருவர் கையில் கொடுக்க வேண்டும்.

இப்போது எங்கள் முதல் பக்கத்தில் மூன்று வரிகள் இருக்கின்றன. நற்செய்தியைச் சேர்ந்து வாசிப்போம். ஒருவர் வாரத்தை மற்றவர் அறிவுரை சொல்லாமல் கேட்போம். எங்களில் நோயுற்றவரைத் தனியே விடமாட்டோம். இதில் புனிதர் பெயர் ஒன்றுகூட இல்லையே என்று பெரியவருக்கு இன்னும் வருத்தம்தான். ஆனாலும் அவர் அறுவை சிகிச்சைக்குப் படுத்தபோது 10 முதல் 6 வரை பக்கத்தில் இருந்தவர் அந்த இளம் கணவர். இரவெல்லாம் இருவரும் சேர்ந்து செபமாலை சொன்னதாகக் கேள்வி.

இரண்டாம் வரியில் மட்டும் ஒரு தகராறு பாக்கி. கேட்போம் என்பது சாதாரணமாக இருக்கிறது, செவிமடுப்போம் என்று போடலாம் என்கிறார் தமிழாசிரியர். அப்படி யார் பேசுகிறார்கள் என்கிறார் ஓட்டுநர். அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பொதுநிலையினர் குழுச் செயலர்