என் கையெழுத்தை நம்பி அந்தக் கேள்வித்தாளைக் கொடுக்காதீர்கள்

உளவியல், மனநல மருத்துவத் துறை ஆய்வு வழிகாட்டிகளுக்கும், ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவினருக்கும்,

வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர். ஒப்புதல் படிவம், ஆய்வுக் கேள்வித்தாள் என்று வருவதையெல்லாம் தமிழாக்கி, 'மூலத்துக்கு மாறில்லாத மொழிபெயர்ப்பு' என்று சான்றிதழில் கையெழுத்திட்டுத் தருவது என் பிழைப்பு.

சில மாதங்களுக்கு முன் ஒரு முதுநிலை மாணவி ஈட்-26 கேள்வித்தாளோடு வந்தார். பட்டினி கிடந்து மெலிவது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது போன்ற உண்ணுதல் கோளாறின் அறிகுறிகள் இருக்கின்றனவா என்று முதல்கட்டமாகச் சலித்துப் பார்ப்பதற்காக, டொராண்டோவில் கார்னரும் கார்ஃபிங்கலும் 1979-ல் உருவாக்கி, 1982-ல் 26 கேள்விகளாகச் சுருக்கியது. 20 மதிப்பெண்ணைத் தொட்டால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது கணக்கு. மூன்று நாளில் முடித்துக் கொடுத்தேன். இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினார். மூலத்தோடு அப்படியே பொருந்தியது. எல்லோருக்கும் திருப்தி.

அதன் ஒரு பிரதி வீட்டு மேசையில் கிடந்தது. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் எடுத்துப் படித்துவிட்டுச் சிரித்தாள். 'என் உடலில் கொழுப்பு இருக்கிறது என்ற எண்ணம் என்னை ஆட்கொள்கிறது' என்று எழுதியிருந்தேன். "அம்மா தினமும் சொல்றதுதான் சித்தி, எனக்குக் கொழுப்புன்னு" என்றாள். அடுத்து, 'உணவைச் சிறு துண்டுகளாக நறுக்குகிறேன்'. "நான் எங்க நறுக்கறேன்? அம்மாதான் நறுக்குவாங்க."

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கொழுப்பு என்ற சொல் ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது பிசகே இல்லாமல் திரும்பும். சொல்லுக்குச் சொல் வைத்த மொழிபெயர்ப்புதான் பின்மொழிபெயர்ப்பில் முதல் மதிப்பெண் வாங்கும். வழியில் திமிர் என்ற பொருள் ஏறி உட்கார்ந்ததை அது காட்டிக்கொடுக்காது.

நறுக்கும் கேள்வியின் உள்நோக்கம் வேறு. சாப்பிடுவதைத் தள்ளிப்போட நோயாளிகள் உணவைப் பொடிப்பொடியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கத்தியும் முள்கரண்டியும் இல்லாத நம் தட்டில் அது எப்படி இருக்கும்? சோற்றை அளைந்துகொண்டே இருப்பது. தோசையை விண்டு விண்டு ஓரத்தில் ஒதுக்குவது. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஆனால் அப்படி எழுதினால் மூலத்துக்கு மாறிவிட்டது என்று என் சான்றிதழை நீங்களே நிராகரிப்பீர்கள்.

விடைகளிலும் சிக்கல் உண்டு. ஆறு படிகள். ஒரு கேள்வி தவிர மற்றவற்றுக்கு, எப்போதும் என்றால் 3, அடுத்ததற்கு 2, அதற்கடுத்ததற்கு 1, மீதி மூன்றுக்கும் சுழியம். இரண்டாம் படியை 'வழக்கமாக' என்றும் மூன்றாம் படியை 'அடிக்கடி' என்றும் தமிழாக்கினேன். எது அதிகம் என்று வீட்டில் கேட்டேன், ஆளுக்கொரு பதில். 20 என்ற கோட்டுக்கு அருகில் இருக்கும் பெண்ணை இந்தக் குழப்பமே இப்பக்கமோ அப்பக்கமோ தள்ளிவிடும்.

விரதத்துக்கு வருவோம். ஈடிஇ-கியூ என்ற இன்னொரு கேள்வித்தாள், உடல்வாகையோ எடையையோ மாற்றுவதற்காக, விழித்திருக்கும் நேரத்தில் 8 மணி நேரமோ அதற்கு மேலோ கடந்த 28 நாட்களில் எத்தனை நாள் சாப்பிடாமல் இருந்தீர்கள் என்று கேட்கிறது. தமிழில் அந்த 'மாற்றுவதற்காக' வாக்கியத்தின் தலையில் போய்விடும். மனதில் நிற்பது கடைசியில் வரும் 'சாப்பிடாமல் இருந்தீர்கள்'. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் இருந்தவளும் ரமலான் நோன்பு வைத்தவளும் எண்ணிக்கை எழுதிவிடுவார்கள். வட இந்தியாவில் பள்ளி மாணவிகளிடம் ஈட் நடத்திய கிங்கும் புக்ராவும் இதே மாதிரி நோன்புக் குழப்பத்தைப் பற்றி 1989-லேயே எழுதிவிட்டார்கள். மறுபக்கமும் உண்டு: சாப்பாட்டைத் தவிர்க்க 'இன்னிக்கு விரதம்' என்பதைவிட வசதியான சாக்கு நம் வீடுகளில் ஏது? இரண்டையும் பிரிக்கத் தனிக் கேள்வி வேண்டும்.

பயத்தைப் பற்றிய கேள்விகளும் எல்லா ஊருக்கும் பொருந்துவதில்லை. ஹாங்காங்கில் சிங் லீ குழுவினர் 1993-ல் விவரித்த 70 அனோரெக்சியா (பட்டினி கிடந்து மெலியும் கோளாறு) நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குண்டாகிவிடுவோம் என்ற பயமே இல்லை. வயிறு உப்புகிறது, பசிக்கவில்லை என்றார்கள். நம் பெண்களும் 'கேஸ்', 'சாப்பாடு இறங்கமாட்டேங்குது' என்றுதானே சொல்கிறார்கள்? அதற்கு மேல், 'நல்லா உடம்பு போட்டிருக்கே' என்பது பாராட்டா குத்தலா என்பதே சொல்பவரின் வயதைப் பொறுத்தது.

'மலமிளக்கி' என்று நான் எழுதியதையும் ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் அது பேதி மாத்திரை, விளக்கெண்ணெய். ஃபிஜியில் ஆன் பெக்கர் குழுவினர் பேதியாவதற்குக் குடிக்கும் நாட்டு மருந்துகளைப் பற்றியும் சேர்த்தே கேட்டார்கள். கேட்டால்தானே தெரியும்.

"குரோன்பாக் ஆல்ஃபா 0.8-க்கு மேல் வந்திருக்கிறதே" என்று அந்த மாணவியின் வழிகாட்டி சொல்லி அனுப்பினாராம். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதைத்தான் அந்த எண் சொல்லும். எல்லோரும் ஒரே மாதிரி தவறாகப் புரிந்துகொண்டாலும் அது நன்றாகத்தான் வரும். 20 என்ற கோடும் டொராண்டோவின் நோயாளிகளையும் மாணவிகளையும் வைத்துப் போட்டது. தமிழ்நாட்டில் அது எங்கே விழும் என்று அறிய, கேள்வித்தாளை நிரப்பியவர்களில் ஒரு பகுதியினரையாவது மருத்துவர் நேரில் பேட்டி கண்டு ஒப்பிட வேண்டும். குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களையும் சேர்த்துத்தான். இல்லாவிட்டால் தவறவிட்டவர்களின் கணக்கு வரவே வராது.

இதற்கெல்லாம் ஆய்வேட்டுக் காலத்தில் நேரம் இல்லை என்பீர்கள். சரி, முழுவதும் முடியாது. ஆனால் களத்துக்குப் போகும் முன் பத்துப் பேரை உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் படிக்கச் சொல்லி, 'இது என்ன கேட்கிறது, உன் வார்த்தையில் சொல்' என்று கேட்க இரண்டு நாள் போதும். அந்தப் பத்துப் பேரில் அரசுப் பள்ளிப் பெண்ணும் இருக்கட்டும், பையன்களும் இருக்கட்டும். நெறிமுறைக் குழு அந்தக் குறிப்புகளைக் கேட்டு வாங்கட்டும். அப்புறம், சாப்பிட்டதும் வாந்தி எடுப்பதாக ஒருத்தி எழுதினால் அவளை யார், எப்போது கூப்பிட்டுப் பேசுவார்கள் என்பதையும் கேளுங்கள்.

அந்தக் குறிப்புகளோடு வரும் மாணவருக்குத் திருத்தத்துக்குப் பணம் வாங்கமாட்டேன். குறிப்புகள் இல்லாமல் வந்தால் சான்றிதழில் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: 'பதில் எழுத வேண்டியவர்களிடம் இது இன்னும் படித்துக் காட்டப்படவில்லை.' அதை எடுத்துவிடச் சொல்லி யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு மொழிபெயர்ப்பாளர்