பீமா எழுந்து நிற்கிறான், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கத் தண்ணீர்மலை முருகனை வேண்டிக்கொள்கிறேன். மெல்பர்னில் குளிர் தொடங்கியிருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். "போதும்ப்பா, அவனைக் கஷ்டப்படுத்தாதீங்க, ஊசி போட்டு அனுப்பிடுங்க." அவ்வளவுதான். அதற்கு அப்புறம் நான் போட்டதற்கெல்லாம் நீலக் கோடு விழுகிறது, பதில் இல்லை. போனில் தட்டினால் எனக்கு நாலு வரிக்கு மேல் ஓடாது. அதனால்தான் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தம்பி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நம் நாய் பீமா எழுந்து நிற்கிறான். இடது பக்கக் கால்கள் இன்னும் தடுமாறுகின்றன, தலையும் இடப்பக்கம் சாய்ந்தேதான் இருக்கிறது, ஆனால் நிற்கிறான்.

அவன் விழுந்த அன்று தம்பி அனுப்பிய வீடியோவை வைத்துத்தான் நீ முடிவுக்கு வந்திருப்பாய். அதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கேட் ஓரத்தில் ஒருக்களித்துக் கிடந்தான். கருவிழி இரண்டும் நிற்காமல் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தன. தூக்கி நிறுத்தினால் இடப்பக்கமாகவே சரிந்தான், வாந்தி வேறு. பாலத்தைத் தாண்டிப் பினாங்குத் தீவில் இருக்கும் கிளினிக்குக்குக் கொண்டுபோகும்வரை அம்மா பின் சீட்டில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் உன் வயதுப் பெண். பொறுமையாக விளக்கினார். வயதான நாய்களுக்குக் காதுக்குள் உள்ள சமநிலை நரம்பு திடீரென்று கெடுவது உண்டாம். பார்க்க இதே மாதிரி இருக்குமாம், ஆனால் மூன்று நாளில் தெளிய ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடுமாம். முதலில் அதுவாக இருக்கும் என்றுதான் அவரும் பார்த்தார். பிறகு இவனுடைய இடது பாதத்தை மடக்கி, மேல்பக்கம் தரையில் படும்படி வைத்தார். நன்றாக இருக்கிற நாய் உடனே பாதத்தைத் திருப்பி ஊன்றிக்கொள்ளும். இவன் மடங்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். "இது மூளையில வந்தது மாதிரி இருக்கு, அங்கிள். ஸ்ட்ரோக்" என்றார்.

நிச்சயமாகத் தெரிய எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், அதற்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும். பதினாலு வயதில், சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் வந்த பிறகு, வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். காலில் சின்னப் பட்டை ஒன்றைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார்கள், 190. நாய்க்கு 160-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். சிறுநீரகம் கெட்டால் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் மூளையில் இப்படி ஆகும் என்றார். எனக்குத் தருகிற அதே அம்லோடிபின்தான் அவனுக்கும், அளவுதான் வேறு. காலையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் மாத்திரை போடுகிறோம்.

மனிதர்களுக்குப் போடுவது மாதிரி ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியெல்லாம் நாய்களுக்கு வழக்கமாகப் போடுவதில்லையாம். மற்றதெல்லாம் வீட்டில் பார்த்துக்கொள்வதில்தான் இருக்கிறது. மூளையில் கெட்டுப்போன இடம் திரும்ப வராது, ஆனால் நல்லா இருக்கிற பகுதி அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும் என்றார். நீ சொன்ன, ஊசி போட்டு அனுப்பிவிடுவதைப் பற்றியும் நானே கேட்டேன், நான் கேட்கவில்லை என்று நினைக்காதே. சாப்பிடுகிறானா, ஆளைத் தெரிகிறதா, வலியில் முனகுகிறானா, இதையெல்லாம் பாருங்கள், சில வாரம் கொடுத்துப் பாருங்கள், அவனே காட்டுவான் என்றார்.

அதனால் கொடுத்துப் பார்க்கிறோம்.

ஆரம்பத்தில் படுத்தே கிடந்தான். ஒரே பக்கம் கிடந்தால் முழங்கையிலும் இடுப்பிலும் புண் வந்துவிடும் என்று மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டோம். இரவில் அம்மா அலாரம் வைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் முட்டி வலி உனக்குத் தெரியும். நான் எழுகிறேன் என்றால் கேட்பதில்லை. உன் அறையில் இருந்த மெத்தையைத்தான் ஹாலில் போட்டிருக்கிறோம், மேலே பெரியவர்களுக்கு விற்கிற நாப்பி ஷீட். நம் வீட்டு மொசைக் தரை அவனுக்கு வழுக்கிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் விளையாடுகிற ரப்பர் பாயை வாங்கி வந்து, ஹாலிலிருந்து போர்ச் வரை பாதை மாதிரி கோத்துப் போட்டேன். ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் யாருக்குக் குழந்தை என்று கேட்கிறார்கள்.

ஈதான் பெரிய தொல்லை. அசையாமல் கிடக்கிற பிராணி மேல் ஈ மொய்த்து முட்டை வைத்துவிட்டால் இந்த வெயிலில் புழு வைக்க அதிக நேரம் ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ஈரம் இல்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். அம்மா அலமாரியிலிருந்து அந்தக் கொசுவலையை எடுத்து வந்து அவன் மேல் கவிழ்த்தாள். எந்த வலை என்று உனக்குத் தெரியும். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. உபயோகப்படட்டும்.

சாப்பாடு கோழியும் பூசணிக்காயும் போட்ட கஞ்சி. வெங்காயம், பூண்டு, உப்பு எதுவும் கிடையாது. படுத்த வாக்கில் ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்து, கையில் எடுத்து ஊட்டுகிறாள். சித்தப்பா பார்க்க வந்தவர் பாதி வலி மாத்திரை கொடு என்றார். மனிதர் மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது, ஐபுரோஃபென் மாதிரி ஒன்றைக் கொடுத்தால் வயிறும் சிறுநீரகமும் போய்விடும் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். பரவாயில்லை.

என் பழைய பச்சைக் கைலி இருக்கிறதே, அதை மடித்து அவன் வயிற்றுக்கு அடியில் விட்டு, இரண்டு முனையையும் மேலே சேர்த்துப் பிடித்துக்கொண்டு, காலையிலும் மாலையிலும் கேட்டுக்கு வெளியே புல்லுக்குக் கூட்டிப்போகிறேன். முதலில் எல்லாப் பாரமும் என் கையில்தான். இடது பாதம் மடங்கி மடங்கித் தேயும், நான் குனிந்து திருப்பி வைப்பேன், அடுத்த அடியில் மறுபடி மடங்கும். ஒரு நாள் கைலி கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது. பார்த்தால் நாலு காலிலும் தானே நிற்கிறான். அப்படியே நின்று ஒன்றுக்கிருந்தான். முடிந்ததும் வலது பக்கப் பின்னங்காலால் புல்லைக் கீறினான் பார், எப்போதும் செய்வானே, அந்த மாதிரி. நான் சத்தம் போட்டு அம்மாவைக் கூப்பிட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக், அவரும் வெளியே வந்துவிட்டார். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே தினமும் "பீமா சாப்பிட்டானா" என்று கேட்பார். பேரப்பிள்ளைகளின் பழைய துண்டுகளை ஒரு மூட்டையாகக் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

இதை உன்னிடம் போனில் சொல்லத்தான் அன்றைக்கு மூன்று தடவை கூப்பிட்டேன். வேலையில் இருந்திருப்பாய்.

நீ போட்ட ஆயிரம் வெள்ளி வந்தது. எதற்கு? நாங்கள் கேட்டோமா? ஆனாலும் எனக்குப் பெருமைதான். பசாரில் கோப்பிக்கடைக்காரரிடம்கூட, மகள் அங்கேயிருந்து நாய்க்கு வைத்தியச் செலவு அனுப்புகிறாள் என்று சொல்லிவிட்டேன். ஆனால் பணம் போட நேரம் இருக்கிறவளுக்கு அம்மாவுக்கு ஒரு போன் போட நேரம் இல்லையா, பாப்பா? அவள் கேட்பதில்லை என்பதால் அவளுக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை.

போன தடவை நீ வீடியோவில் வந்தபோது உன் பின்னால் வெறும் சுவர் தெரிந்தது. கல்யாணப் படம் மாட்டியிருந்த சுவர்தானே அது? வீடு மாற்றியிருந்தால் சொல்லு, தீபாவளிப் பலகாரம் பழைய முகவரிக்குப் போய்விடக்கூடாது. மாப்பிள்ளைக்கு இன்னும் நைட் ஷிஃப்ட் என்றாய். சரி. அவரையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. நீ மெலிந்துவிட்டாய் என்று அம்மா சொல்கிறாள், வெளிச்சம் சரியில்லை என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் படிவப் பரீட்சை நேரத்தில், பள்ளிக்குப் பின்னால் இருந்த பெரிய கால்வாயில் சீருடையோடு இறங்கி இவனைத் தூக்கி வந்தவள் நீ. அன்றைக்கு இருந்த டாக்டர் இது தாங்காது என்றார். "நீங்க மருந்து மட்டும் கொடுங்க டாக்டர், மத்தத நான் பார்த்துக்கிறேன்" என்றாய். பதினேழு வயது. அந்தப் பெண் "போதும்ப்பா" என்று எழுதியதைத்தான் என்னால் படிக்க முடியவில்லை. பீமாவைப் பற்றி எழுதியது என்றால் அதற்குப் பதில் மேலே எழுதிவிட்டேன். வேறு எதைப் பற்றியாவது எழுதியிருந்தாலும் எங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. யாரும் கேட்கமாட்டோம். சித்தி கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மற்றச் செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை. தம்பிக்கு வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. ராம்புத்தான் இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது.

பீமாவுக்கு மறுபடி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் வாய்ப்பு குறையும். அதனால் எப்போதோ வருகிறேன் என்று தள்ளிப்போடாதே. லீவு கிடைக்கும்போது வா, கிடைக்காவிட்டாலும் வா. கோலாலம்பூரில் இறங்கி பஸ் ஏறாதே, அங்கேயிருந்து பினாங்குக்கே விமானம் எடு. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு நான் காடி எடுத்துக்கொண்டு வருகிறேன், எந்த நேரமானாலும். உன் மெத்தை பீமாவிடம் இருக்கிறது, புதிது வாங்கிப் போட்டுவிடலாம். டிக்கெட் இரண்டு எடுத்தாலும் சரி, ஒன்று எடுத்தாலும் சரி.

அன்புடன்,
அப்பா