‘செல்லாத கோப்பு’ என்று திருப்பி அனுப்புவோருக்கு ஒரு திறந்த மடல்

இணைய விண்ணப்பத் தளங்களை வடிவமைப்பவர்களுக்கும், அவற்றுக்கு விதி எழுதுபவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் படிவத்தில் ‘படத்தைப் பதிவேற்றுக’ என்றொரு பொத்தான் இருக்கிறது. அதன் கீழே சிவப்பு எழுத்தில் ‘செல்லாத கோப்பு’ என்று வரும். இந்த மடல் அந்த இரண்டு சொல்லைப் பற்றியது.

2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து, ஐபோன் 7உம் அதற்குப் பிந்தைய ஐபோன்களும் நாமாக மாற்றாதவரை ஹெய்க் (HEIC) என்ற, குறைந்த இடம் பிடிக்கும் வடிவத்தில்தான் படம் சேமிக்கின்றன. ஆண்ட்ராய்டிலும் பல கைபேசிகளில் அந்த வசதி உண்டு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் படிவம் மட்டும் ‘ஜேபிஜி மட்டுமே, 20 முதல் 50 கேபி வரை’ என்பதிலேயே நிற்கிறது.

கேட்பது ஒன்றுதான்: கைபேசி எடுத்த கோப்பை எடுத்தபடியே வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுகிற வேலையை உங்கள் சர்வர் செய்யட்டும்.

கடைசி நாள் இரவில் ‘செல்லாத கோப்பு’ என்று வந்ததும் விண்ணப்பதாரர் முதலில் செய்வது கோப்பின் பெயரை மாற்றுவதுதான். வாலில் உள்ள ஹெய்க்கை அழித்துவிட்டு ஜேபிஜி என்று அடிக்கிறார். உள்ளே ஒரு பைட்கூட மாறுவதில்லை. ஜேபெக் (ஜேபிஜி என்பதும் இதுதான்) கோப்பின் தொடக்கம் எப்போதும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட். ஹெய்க்கில் முதல் நான்கு பைட் தாண்டியதும் ‘எஃப்டைப்’ என்ற குறி இருக்கும்; அதை ஒட்டியே எந்த வகை என்ற குறியும் வரும். உங்கள் சோதனை இதையெல்லாம் பார்ப்பதில்லை. பெயரின் வாலை மட்டும் பார்த்துப் பச்சைக்கொடி காட்டிவிடுகிறது. விண்ணப்பதாரரும் நிம்மதியாகத் தூங்கப் போகிறார்.

பிறகு சரிபார்க்கும் அலுவலர் திறக்கும்போது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த படக்குறி. குரோமும் ஃபயர்பாக்ஸும் ஹெய்க்கைக் காட்டுவதில்லை. சஃபாரிகூட 17ஆம் பதிப்பிலிருந்துதான் காட்டுகிறது. ‘புகைப்படம் தெளிவாக இல்லை’ என்று விண்ணப்பம் தள்ளுபடி ஆகிறது. தெளிவாக இல்லாதது புகைப்படம்தானா என்று பணிவோடு கேட்கிறோம்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2020 மே மாதமே உலகம் பார்த்தது. அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் கல்லூரிப் பாட அளவில் எழுதும் ஏபி தேர்வுகள் வீட்டிலிருந்தே நடந்தன. ஒவ்வொரு விடையையும் எழுதி முடித்ததும் பதிவேற்ற 5 நிமிடம். கையால் எழுதிய விடையை ஐபோனில் படமெடுத்த மாணவர்கள் பலரின் ஹெய்க் கோப்பைத் தளம் ஏற்கவில்லை. ஐந்து நிமிடம் ஓடிப்போய், ஜூனில் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் ‘ஜேபிஜி மட்டுமே’ என்று புதிய படிவங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

சரி, ஜேபிஜியாகவே மாற்றிக் கொண்டுவந்தார் என்று வையுங்கள். அடுத்து அந்த 50 கேபி காத்திருக்கிறது.

12 மெகாபிக்சல் படம் என்றால் 4032க்கு 3024 புள்ளிகள். ஜேபெக் இதை 8க்கு 8 கட்டங்களாக வெட்டும்: 504 பெருக்கல் 378, மொத்தம் 1,90,512 கட்டங்கள். எதிரே வெறும் சாம்பல் சுவர்தான் இருந்தது, எந்தக் கட்டத்திலும் சொல்ல ஒன்றுமே இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ‘முந்தைய கட்டம் மாதிரியே’ என்று குறிக்க 2 பிட், ‘இதோடு முடிந்தது’ என்று குறிக்க 4 பிட் வேண்டும். நிறத்துக்கான கட்டங்கள் இதில் பாதி. அவற்றுக்குத் தலா 4 பிட். எல்லாம் கூட்டி எட்டால் வகுத்தால் 1,90,512 பைட். வழக்கமான ஹஃப்மன் அட்டவணைகளோடு (எதற்கு எத்தனை பிட் என்று சொல்லும் சுருக்கப் பட்டியல்) சேமித்தால், தரத்தை எவ்வளவு இறக்கினாலும் வெற்றுச் சுவருக்கே ஏறத்தாழ 190 கேபி ஆகும். அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு முகத்தையும் நிறுத்தி 50 கேபிக்குள் வா என்கிறீர்கள்.

முதலில் நீள அகலத்தைக் குறைக்க வேண்டும், பிறகுதான் தரத்தைத் தொட வேண்டும். 35க்கு 45 மில்லிமீட்டர் படத்துக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 413க்கு 531 புள்ளி போதும். அந்த அளவில் 50 கேபி என்பது புள்ளிக்கு 1.8 பிட், முகம் நன்றாகவே தெரியும். இந்த ஒரு வரியை எத்தனை படிவங்கள் சொல்கின்றன? கேபியை மட்டும் எழுதிவிட்டுப் புள்ளி அளவை விட்டுவிடுவதால், மக்கள் தரத்தைக் குறைத்துக் குறைத்து முகத்தைக் கட்டம் கட்டமாக்குகிறார்கள். வெள்ளைப் பின்னணியில் ஒழுங்காக எடுத்துச் சரியாகச் சுருக்கிய படமோ சில நேரம் 18 கேபியிலேயே முடிந்துவிடும். 20க்குக் கீழே போனதால் அதுவும் செல்லாது!

வழி தெரியாதவர் தேடிப்பிடிப்பது இலவச மாற்றித் தளம் ஒன்றை. யார் நடத்துவதென்றே தெரியாத அந்தச் சர்வருக்கு முகமும் கையொப்பமும் அடையாள அட்டையும் போகின்றன. உங்கள் பக்கத்தின் அடியில் தனியுரிமைக் கொள்கை என்று நீளமாக ஏதோ இருக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

‘கைபேசியின் அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்’ என்பது உதவி மையத்தின் வழக்கமான பதில். ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ், அதில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’. மாற்றலாம்தான். ஆனால் அது இனி எடுக்கும் படங்களுக்கு மட்டுமே. ஏற்கெனவே எடுத்தவை ஹெய்க்காகவே கிடக்கும். இனி வரும் ஒவ்வொரு படமும் ஏறக்குறைய இருமடங்கு இடம் பிடிக்கும். உங்கள் ஒரு படிவத்துக்காக ஒருவர் தன் கைபேசி முழுவதையும் அதற்கேற்பத் திருப்பி வைக்க வேண்டுமா?

இன்னொன்று. ஜேபிஜி என்று முடிந்தால் ஏற்று, ஜேபிஇஜி என்று முடிந்தால் மறுக்கும் தளங்களும் உண்டு. இரண்டும் ஒன்றேதான். மூன்றெழுத்து வால் என்பது பழைய டாஸ் காலத்துக் கட்டுப்பாட்டின் மிச்சம். பெரிய எழுத்தில் இருந்தாலே தடுக்கும் தளங்களும் இருக்கின்றன. படம் சரியாகிற நேரத்தில் ‘உங்கள் அமர்வு முடிந்தது’ என்று முதல் பக்கத்துக்குத் துரத்துவது, அங்கே போக்குவரத்து விளக்குகளை எண்ணச் சொல்வது... விடுங்கள், அதற்குத் தனி மடல் வேண்டும். கேட்க வந்ததற்கே திரும்புகிறோம்.

நீங்கள் ஜேபெக்காகச் சேமித்து வைப்பதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. 1992இல் தரநிலையாகி, எங்கும் திறக்கும் வடிவம் அது. வாசலில் எதையும் வாங்குங்கள், உள்ளே ஜேபெக்காக வையுங்கள். இதற்கு லிப்ஹெய்ஃப் என்ற நிரல் நூலகம் இருக்கிறது. ஹெய்க்கைப் பிரிக்க லிப்டிஇ265 என்ற இன்னொரு நூலகத்தோடு சேர்ந்து இயங்கும். சர்வரை நோட் (Node.js) கொண்டு எழுதியிருந்தால், அங்கே படங்களைக் கையாளும் ஷார்ப் நூலகத்தின் ஆயத்தப் பதிப்பு ஹெய்க்கைத் திறக்காது. ஹெய்க் உள்ளே பயன்படுத்தும் ஹெச்இவிசி சுருக்க முறையின் காப்புரிமை காரணமாக அதைச் சேர்க்கவில்லை. ஷார்ப்புக்கு அடியில் இயங்கும் லிப்விப்ஸை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். ஒருநாள் வேலை.

மாற்றும்போது வழக்கமாகச் சறுக்கும் இடம் படத்தைத் திருப்புவது. ஜேபெக்கில் எக்ஸிஃபின் (கோப்போடு வரும் படமெடுத்த விவரக் குறிப்பு) திசைக் குறி 6 என்றால் வலப்பக்கமாக 90 பாகை திருப்பிவிட்டுத்தான் எக்ஸிஃபை நீக்க வேண்டும். இல்லையேல் முகம் படுத்துக்கிடக்கும். ஹெய்க்கில் கோணம் கோப்புக்குள் தனிப் பெட்டியில் இருக்கிறது, லிப்ஹெய்ஃப் தானே திருப்பிவிடும். எக்ஸிஃபையும் பார்த்து இன்னொரு முறை திருப்பினால் முகம் மறுபக்கம் படுத்துவிடும்! நிறத்தையும் ஐபோனின் டிஸ்ப்ளே பி3 வண்ண வெளியிலிருந்து பொதுவான எஸ்ஆர்ஜிபி வண்ண வெளிக்கு மாற்றிய பிறகே வண்ணக் குறிப்பை நீக்குங்கள். அவசரப்பட்டால் தோல் வெளுத்துப்போகும். 48 மெகாபிக்சல் படம் நினைவகத்தில் விரியும்போது 146 எம்பி பிடிக்கும் என்பதால் வரிசையில் விட்டுச் செய்யுங்கள். கடைசி நாள் இரவில் எல்லோரும் ஒன்றாகத்தான் வருவார்கள்.

இவ்வளவும் இப்போதைக்கு இயலாது என்றால், கோப்பு கேட்கும் இடத்தில் ஏற்கும் வகை ஜேபெக் என்று மட்டுமாவது குறியுங்கள். படத்தொகுப்பிலிருந்து தேர்ந்தெடுத்தால் ஐபோனின் சஃபாரி தானே மாற்றித் தந்துவிடும். ‘செல்லாத கோப்பு’ என்பதற்குப் பதிலாக ‘இது ஹெய்க் கோப்பு, நாங்கள் வாங்குவது ஜேபெக், 413க்கு 531 புள்ளி’ என்று எழுதுங்கள்.

ஆனாலும் எங்கள் வேண்டுகோள் முதலில் சொன்னதேதான். கைபேசி எடுத்த கோப்பை எடுத்தபடியே வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த விண்ணப்பக் காலம் தொடங்குமுன் இதைச் செய்து தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
படக் கோப்புகளோடு அன்றாடம் மல்லுக்கட்டும் சிலர்