அணுக்கள் எட்டுக்கு ஆசைப்படுவதில்லை

பள்ளிகளில் வேதியியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

அணுக்கள் ஏன் பிணைகின்றன என்று பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளிடம் கேட்டால், "வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் வேண்டும், அதற்காக" என்பதுதான் பெரும்பாலும் பதில். சோடியம் ஒன்றைக் கொடுக்க விரும்புகிறது, குளோரின் ஒன்றை வாங்க விரும்புகிறது, இரண்டும் நிம்மதி அடைகின்றன. மனதில் நிற்கும் கதைதான். ஆனால் "ஏன்" என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. பிணைப்புப் பாடத்தை எட்டிலிருந்து தொடங்காமல் ஆற்றலிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

சோடியம் தன் எலக்ட்ரானைத் தானாகக் கொடுப்பதில்லை, பிடுங்கத்தான் வேண்டும். ஒரு மோல் (அணுக்களை எண்ணும் வேதியியல் அளவு) அணுக்களுக்கு அதற்கு ஆகும் செலவு 496 கிலோஜூல். அந்த எலக்ட்ரான்களைக் குளோரின் ஏற்கும்போது திரும்பக் கிடைப்பது 349. ஆக, இரண்டுக்கும் எட்டு கிடைத்த பிறகும் 147 கிலோஜூல் நஷ்டம்! கதைப்படி எல்லாம் முடிந்துவிட்டது, கணக்கு மட்டும் இடிக்கிறது. அதைச் சரிசெய்வது அடுத்த கட்டம். எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் நெருங்கி, ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரைடுகள் சூழ, படிகம் உருவாகும்போது சுமார் 787 கிலோஜூல் வெளியேறுகிறது. உப்பு உருவாகக் காரணம் இந்த மின்ஈர்ப்புதான். மூன்று எண்கள், இரண்டு கழித்தல்; இதைப் பிள்ளைகளால் போட முடியாதா என்ன?

எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பும் அப்படித்தான். இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் நெருங்கும்போது எலக்ட்ரான்களை இரு அணுக்கருக்களும் ஒரே சமயத்தில் ஈர்க்கின்றன; எலக்ட்ரான்கள் பரவ இடமும் கூடுகிறது. மொத்த ஆற்றல் குறைகிறது. மேலும் நெருங்கினால் அணுக்கருக்களின் விலக்கு விசை மேலோங்கும். 74 பிகோமீட்டர் தூரத்தில் ஆற்றல் மிகக் குறைவு, அங்கேதான் மூலக்கூறு நிலைக்கிறது. இயற்பியலாளர்கள் ஹைட்லரும் லண்டனும் 1927இலேயே குவாண்டம் இயற்பியலைக் கொண்டு இதைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள். இன்னும் வியப்பானது, ஒரே ஓர் எலக்ட்ரான் மட்டும் உள்ள ஹைட்ரஜன் மூலக்கூறு அயனி. அங்கே எலக்ட்ரான் ஜோடியே கிடையாது, ஆனாலும் பிணைப்பு உண்டு.

வெளிக்கூட்டில் எட்டு வேண்டும் என்ற எண்ம விதியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 1916இல் கோசெலும் லூயிஸும் முன்வைத்த அந்தச் சிந்தனை இன்றும் நல்ல வழிகாட்டி. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் சேர்மங்களின் வாய்பாட்டைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். அதைக் காரணமாகக் கற்பிப்பதுதான் தவறு. வெளிக்கூட்டில் எட்டு நிறைந்த செனான் வாயு வினைபுரியாது என்றே பலரும் நம்பிவந்தார்கள். 1962இல் நீல் பார்ட்லெட் அதன் சேர்மத்தை உருவாக்கிக் காட்டினார்.

இன்னொரு குழப்பமும் இங்கேதான் வேர்விடுகிறது. பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவரும் என்று கல்லூரிக்குப் போன பிறகும் பலர் நினைக்கிறார்கள். உடைக்க எப்போதும் ஆற்றல் செலவாகும், உருவாகும்போதுதான் வெளிவரும். சமையல் எரிவாயு எரிந்து வெப்பம் தருவது, கார்பன் டைஆக்சைடிலும் நீரிலும் உருவாகும் புதிய பிணைப்புகள் பழையவற்றைவிட வலுவானவை என்பதால். எட்டின் கதையை மட்டும் கேட்ட பிள்ளைக்கு இது எப்படிப் பிடிபடும்?

அப்புறம், விடைத்தாள் திருத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஆற்றல் குறைவதால் பிணைகின்றன" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால், விடைக்குறிப்பில் அது இல்லாவிட்டாலும் முழு மதிப்பெண் கொடுங்கள்.

அன்புடன்,
வேதியியலை நேசிக்கும் ஒரு வாசகன்