பாரிஸைத் தவிர்த்த போகச்சார்: சில விவரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்லோவேனிய சைக்கிள் வீரர் தாதேய் போகச்சார் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகியதை, பணத்துக்காக நாட்டைக் கைவிட்டவர்கள் வரிசையில் வைத்துத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். கிரிக்கெட்டில் ஐபிஎல்லா, இந்திய அணியா என்று கேட்கிற கேள்வியை அப்படியே சாலை சைக்கிள் பந்தயத்துக்குக் கொண்டுபோனால் விடை தப்பாகத்தான் வரும்.

இந்த விளையாட்டில் ஆண்டு முழுக்க ஓடுவது வணிக அணிக்காக. போகச்சாருக்கு அது யுஏஇ எமிரேட்ஸ். 2030 வரை ஒப்பந்தம். நாட்டின் சட்டையைப் போடுவது உலக சாம்பியன்ஷிப், ஐரோப்பிய சாம்பியன்ஷிப், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒலிம்பிக் என்று சில நாட்களே. அன்றைக்கும் ஓட்டும் சைக்கிள் வணிக அணி கொடுத்ததுதான். பிரான்ஸைச் சுற்றி மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸே 1930 முதல் 1961 வரை தேசிய அணிகளை வைத்து நடந்தது. அதனால் நாட்டுப்பற்று பொங்கி வழிந்ததா என்றால் இல்லை. 1959இல் பிரெஞ்சுத் தேசிய அணியின் ஆங்கெத்திலும் ரிவியேரும், பிராந்திய அணியில் ஓடிய சக பிரெஞ்சுக்காரர் ஆங்லாட் ஜெயிப்பதைவிட ஸ்பெயினின் பஹமோன்டெஸ் ஜெயிப்பதே மேல் என்று இருந்துவிட்டார்கள். டூர் பாரிஸில் முடிந்தபோது ரசிகர்கள் அவர்களைச் சீட்டியடித்து அவமானப்படுத்தினார்கள்.

2024 நாட்காட்டிக்கு வருவோம். இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோ டி இத்தாலியா மே 4இல் தொடங்கி 26இல் முடிந்தது. டூர் ஜூன் 29 முதல் ஜூலை 21 வரை. இரண்டிலும் நாளுக்கு ஒன்றாகத் தலா 21 கட்டங்கள். இரண்டையும் போகச்சாரே வென்றார். 1998இல் இத்தாலியின் பன்டானிக்குப் பிறகு யாரும் செய்யாத காரியம். டூர் முடிந்த ஆறாம் நாளே பாரிஸில் தனிநபர் நேரப் போட்டி, அதாவது ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுவது. ஆகஸ்ட் 3இல் சாலைப் பந்தயம், சுமார் 270 கிலோமீட்டர். டூர் முடிந்த மறுநாளே களைப்பு என்று காரணம் சொல்லி விலகினார்.

டூர் ஓடிவிட்டு ஒலிம்பிக்கில் ஓட முடியாது என்று நான் சொல்லவில்லை. 2021 டோக்கியோ ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில், டூர் முடிந்த ஆறாம் நாள் கராபஸ், வான் ஆர்ட், போகச்சார் என மூன்று பதக்கமும் டூரை முழுதாக ஓடியவர்களுக்கே போயின. பாரிஸில் டூரில் மூன்றாம் இடம் பிடித்த பெல்ஜியத்தின் ஈவனபூல் நேரப் போட்டி, சாலைப் பந்தயம் இரண்டிலும் தங்கம் வாங்கினார். மூன்று வாரப் பந்தயம் ஒன்று கால்களைத் தீட்டித் தரும். இரண்டு சேர்ந்தால் உறிஞ்சிவிடும். போகச்சாரைக் குறை சொல்வதானால், ஒலிம்பிக் ஆண்டில் ஜிரோவையும் சேர்த்துக்கொண்ட முடிவைச் சொல்லலாம். அது 2023 டிசம்பரிலேயே எடுத்த முடிவு. ஜூலையில் வந்த விலகல் அதன் விளைவு. பணம் என்று பார்த்தால் ஆகஸ்டு ஓய்வில் அவருக்கு என்ன வந்தது?

இனி ஆள்பலம். டூரில் ஓர் அணிக்கு எட்டுப் பேர், காதில் ரேடியோ, பின்னால் பயிற்சியாளரின் கார். பாரிஸ் ஒலிம்பிக்கில் மொத்தமே 90 பேர், ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் நான்கு பேர், ரேடியோ கிடையாது. முன்னால் போனவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதை மோட்டார் சைக்கிளில் வருபவர் கரும்பலகையில் எழுதிக் காட்டினால்தான் தெரியும். டோக்கியோ மகளிர் பந்தயத்தில் ஆஸ்திரியாவின் ஆனா கீசன்ஹோஃபர் தொடக்கத்திலேயே முன்னேறிப் போனதை மறந்துவிட்டு, ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்னால் இரண்டாவதாக வந்த வான் ஃப்ளாய்டன் தங்கம் தனக்கே என்று கையை உயர்த்தினார்.

சாப்பாட்டுக் கணக்கும் உண்டு. இப்போதைய வீரர்கள் மணிக்கு 90 முதல் 120 கிராம் மாவுச்சத்து எடுக்கிறார்கள். ஆறரை மணி நேரத்துக்கு 600 கிராம் தாண்டும். சைக்கிளில் இரண்டு பாட்டில், முதுகில் மூன்று பை. தீரத்தீர யாராவது பின்வாங்கி காருக்குப் போய் வாங்கி வர வேண்டும். மலையேற்றத்துக்கு முன், எதிர்க்காற்றைத் தான் வாங்கிக்கொண்டு தலைவனைக் காற்று படாமல் முன்வரிசைக்குக் கொண்டு சேர்க்க ஒருவர், மற்றவர்களை விட்டுப் பிரிந்து முன்னால் ஓடிப்போகிற கூட்டத்தில் புகுந்து கொள்ள ஒருவர். நான்கு பேரில் ஒருவருக்கு பஞ்சரானால் திட்டமே காலி.

அப்படிப்பட்ட நாளில் அணிப் பாசமும் நாட்டுப் பாசமும் முட்டிக்கொள்ளும். 2013 ஃபிளாரன்ஸ் உலகப் போட்டியில் ஸ்பெயினின் ரோட்ரிகெஸ் தனியாக முன்னால் போக, போர்ச்சுகலின் ரூய் கோஸ்டா துரத்தினார். ரோட்ரிகெஸைக் காப்பாற்ற, கோஸ்டாவின் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு போக வேண்டியவர் இன்னொரு ஸ்பானியரான வால்வெர்டே. அவர் நகரவில்லை. கோஸ்டாவும் வால்வெர்டேயும் அப்போது மூவிஸ்டார் அணியில் கூட்டாளிகள். காலில் தெம்பில்லை என்றார் வால்வெர்டே. நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். கோஸ்டாவுக்குத் தங்கம், ரோட்ரிகெஸ் மேடையில் அழுதார்.

2024 செப்டம்பர் 29, சூரிச் உலகப் போட்டியில் நடந்தது இதற்கு நேர்மாறு. போகச்சார் 100 கிலோமீட்டர் மிச்சமிருக்கையில் பாய்ந்தார். முன்கூட்டத்தில் இருந்த ஸ்லோவேனியர் யான் டிராட்னிக் அவருக்காகக் காத்திருந்து இழுத்துச் சேர்த்தார். அந்த ஆண்டு மற்ற நாட்களில் டிராட்னிக் ஓடியது போகச்சாரின் பரம எதிரியான விஸ்மா அணிக்கு! பிறகு போகச்சாரோடு சேர்ந்து ஓடிய பிரான்ஸின் சிவகோவோ யுஏஇ அணிக்காரர். கடைசி 51 கிலோமீட்டர் போகச்சார் தனியாக ஓட்டி நாட்டுக்கு உலக சாம்பியனின் வானவில் ஜெர்சியை வாங்கினார். பாரிஸுக்குப் போகாமல் மிச்சம் பிடித்த கால்பலத்தை சூரிச்சில் செலவழித்தார் என்றே நான் படிக்கிறேன். அடுத்த ஆண்டு டூரை வென்றுவிட்டு, ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயத்தை விட்டுவிட்டு, ருவாண்டாவின் கிகாலியில் நடந்த உலகப் போட்டியில் மறுபடி அதே ஜெர்சியை வாங்கினார். அதையும் 'நாட்டுக்காக' என்ற கணக்கில்தானே சேர்க்க வேண்டும்?

கட்டுரை விட்டுவிட்ட இன்னொரு சேதி: சாலை, நேரம் இரண்டிலும் ஸ்லோவேனியத் தேசிய சாம்பியனாக இருந்த ஊர்ஷ்கா ஷிகார்டை ஒலிம்பிக்குக்குத் தேர்வு செய்யவில்லை. அவர் போகச்சாரின் துணைவி. பாரிஸுக்குப் போகும் எண்ணத்துக்கு அது உதவவில்லை என்று போகச்சாரே ஒப்புக்கொண்டார். நாட்டுக்காக ஓடவில்லை என்று வீரரைக் கேட்கிறவர்கள், சாம்பியனை ஏன் வீட்டில் விட்டீர்கள் என்று ஸ்லோவேனிய சைக்கிள் சங்கத்தையும் கேட்கலாம்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் ஜூலை 14இல் தொடங்குகிறது. டூரும் வழக்கமாக ஜூலையில்தான். எந்த வீரர் எதை விடப்போகிறார் என்ற செய்தி மறுபடி வரும். அப்போது முடிவுப் பட்டியலில் வீரரின் நாட்டோடு அவருடைய வணிக அணியின் பெயரையும் ஒரு பத்தியாகச் சேர்த்து அச்சிடுங்கள். யார் யாருக்காகக் காற்றை வாங்கினார் என்று வாசகர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் பந்தய வாசகர், கோயம்புத்தூர்